ஒண்ணாம் நம்பர் மூடி

கண்ணைத் தொறந்துறாதீங்க. அந்த சிஸ்டர் புள்ள பாத்துச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து சொட்டு மருந்து ஊத்தும். எனக்கு மூணு தடவை ஊத்தியாச்சு. நான்தானுங்க, பக்கத்து நாற்காலிக்காரன். உங்களுக்கு எந்தக் கண்ணு? இடதா? எனக்கு இடது ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசமாச்சு. இன்னிக்கு வலது. பயப்படாதீங்க, வலியெல்லாம் ஒண்ணுமில்ல. வலி பின்னாடிதான் வருது, அது வேற வலி. அதைத்தான் சொல்ல வர்றேன். கண்ணையும் மூடிக்கிட்டு வாயையும் மூடிக்கிட்டு இருன்னா எப்படிங்க இருக்கறது?

எனக்குத் திருப்பூர். நாச்சிமுத்துன்னு பேரு. ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா எங்க தெருவுலயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஷேடு மாஸ்டர்னு கேளுங்க, வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டுருவாங்க. முப்பத்திமூணு வருஷம் அதுதான் பொழப்பு. பனியன் துணிக்குச் சாயம் போட்டு வரும். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அகலத்துல ஒரு துண்டு குடுத்திருப்பான். அந்தத் துண்டும் இந்தத் துணியும் ஒரே கலரான்னு பாத்துச் சொல்றதுதான் என் வேலை. நான் சரின்னா லாரி ஏறும். இல்லைன்னா திரும்பச் சாயத் தொட்டிக்குப் போகும். மொதலாளியே பக்கத்துல நின்னு, "மாஸ்டர், சேருதுங்களா?"ன்னு என் மூஞ்சியத்தான் பாப்பாரு. துணியைப் பாக்க மாட்டாரு.

எங்க வேலைல ஒரு விசயம் இருக்குதுங்க, அதை நீங்க தெரிஞ்சுக்கணும். டியூப் லைட்டுல ஒண்ணாத் தெரியற ரெண்டு கலரு வெயில்ல கொண்டு போனா பிரிஞ்சிரும். சாயம் வேற வேறன்னா அப்படித்தான் பண்ணும். அதனால ஒரே வெளிச்சத்துல பாத்துட்டு சரின்னு சொல்லவே கூடாது. மொதல்ல லைட்டுப் பெட்டிக்குள்ள பாக்கணும், அப்பறம் வடக்குப் பாத்த சன்னல்ல காலைல பத்து மணிக்கு மேல பாக்கணும், அப்பறம் வாசல் வெயில்ல பாக்கணும். வெளிச்சத்த மாத்து, வெளிச்சத்த மாத்துன்னு எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன். இதைப் பாடமா எடுத்தவன்தான் இங்க கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கறேன்.

கடைசி வருஷம் கம்பெனில ஒரு மெஷினு வாங்கி வெச்சாங்க. துணியை வெச்சா அதுவே நம்பர் போட்டுச் சொல்லும். அது சரின்னு சொன்ன ரெண்டு லாட்டுத் துணிய நான் ஆகாதுன்னு திருப்பிட்டேன். சாயப் பட்டறைக்காரங்க மூஞ்சி செத்துப் போச்சு. மெஷின்ல கோளாறுன்னு நான் அடிச்சுச் சொன்னேன். அதோட சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதை விடுங்க.

வீட்டுல சும்மா உக்கார முடியுமுங்களா? பொள்ளாச்சில ஒரு டாக்டர் வீட்டுல கூரை மேல கோழி அடைஞ்சிட்டுக் கெடந்த பியட் கார் ஒண்ணை வாங்கிட்டு வந்தேன். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. வெளியே தந்த வெள்ளை. உள்ளே சீட்டு, கதவு அட்டை எல்லாம் ரெக்சின். அந்தக் கலரை எப்படிச் சொல்றது? மயில் கழுத்துன்னு சொல்லலாம், ஆனா மயில் கழுத்து அவ்வளவு சாந்தமா இருக்காது. நீலமா பச்சையான்னு கேட்டா ரெண்டும் அடிச்சுக்கும். நல்ல கலருங்க. அம்பது வருஷமாகியும் ஒரு கீறல் இல்ல.

வெளியே பாத்தா வெறும் வெள்ளை. கதவத் தொறந்தாத்தான் அந்தக் கலரு தெரியும். எனக்கு மனசு கேக்கல. சக்கரத்து நடுவுல எவர்சில்வர் தட்டாட்டம் ஒரு மூடி மின்னிட்டிருக்கும் பாருங்க, வீல் கப்பு, அதுல சுத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு வளையம். யாரோ கருப்படிச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் கருப்பச் சுரண்டிட்டு அங்க சீட்டுக் கலர அடிச்சா எப்படி இருக்கும்? உள்ள இருக்கறது வெளியே நாலு எடத்துல எட்டிப் பாக்கும். காருக்கு வீல் கப்புங்கறது சேலைக்கு ஜாக்கெட்டு மாதிரிங்க. சேலை ஆயிரம் இருக்கட்டும், ஜாக்கெட்டு சேரலைன்னா எல்லாம் போச்சு. பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல பழைய காருங்களெல்லாம் ஊர்வலம் போகும். அதுக்கு இந்த வண்டிய இந்த வீல் கப்போட கொண்டு போய் நிறுத்திடணும்னு இருந்தேன். மெஷினு வெச்சு என்னை அனுப்பினாங்கல்ல, இன்னும் கண்ணு இருக்குதுடான்னு காட்டணும். அவ்வளவுதான் ஆசை.

தாராபுரம் ரோட்டுல ஷெட்டுப் போட்டிருக்கற அமானுல்லா பாய்னு ஒரு கார் பெயிண்டர். இருபது வருஷப் பழக்கம். கலருல அவரு கை சுத்தமுங்க, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். சீட்டு மேலயே டப்பாவ வெச்சு, ஒவ்வொரு சொட்டாக் கலக்கினாரு. ஒரு தகர டப்பா மூடில தடவிக் காய வெச்சு, பின்னாடி ஆணில ஒண்ணுன்னு கீறினாரு. அவரு பழக்கம் அது. எந்தக் கலரு கலக்கினாலும் ஒரு மூடி சாம்பிள் இருக்கும். அப்பறம் நாலு வீல் கப்புக்கும் அடிச்சு, வரச் சொல்லி போன் பண்ணினாரு.

போய்ப் பாத்தேன். பச்சை அடிக்குது. சீட்டு ஒரு பக்கம் நிக்குது, வீல் கப்பு ஒரு பக்கம் நிக்குது. "என்ன பாய், இது பாசி புடிச்ச கெணறாட்டம் இருக்குது"ன்னேன். அவரு குனிஞ்சு பாத்தாரு, நிமிந்து என்னைப் பாத்தாரு. சேருதே மாஸ்டர்ன்னாரு. சேரலைன்னேன். சரின்னு சுரண்டினாரு.

அது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. பழசச் சுரண்டணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், பிரைமர் அடிக்கணும், காயணும், மறுபடி கலரு. ரெண்டாவது வாட்டி நீலத்தக் கூட்டினாரு. பச்சைதான். மூணாவது வாட்டி இன்னும் கூட்டினாரு. அப்பவும் பச்சைதான். நான் விடுவனா? ஷெட்டுக்குள்ள பாத்தேன், வேப்பமரத்து நெழல்ல பாத்தேன், நடு ரோட்டு வெயில்ல வெச்சுப் பாத்தேன். லாரிக்காரன் ஆரன் அடிச்சுத் திட்டிட்டுப் போறான், நான் வீல் கப்பைப் புடிச்சுட்டு நிக்கறேன். மூணு வெளிச்சத்துலயும் பச்சை.

நாலாவது வாட்டி அடிச்சப்ப எங்கூட்டுக்காரி வசந்தாமணி சாப்பாட்டுக் கேரியரோட ஷெட்டுக்கே வந்துட்டா. வந்தவ சும்மா இருக்கக் கூடாதுங்களா? பாய் செவுத்துல மாட்டி வெச்சிருந்த மூடிங்களப் பாத்துட்டு, "ஏனுங்க, அந்த மொத மூடிதானுங்க சேருது. இப்ப அடிச்சிருக்கறது நீலமாட்டத் தெரியுது"ன்னா. எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. உனக்கென்ன தெரியும், உன் ஜாக்கெட்டுத் துணியே நான்தான எடுத்துக் குடுக்கறேன்னு பாய் முன்னாடியே கேட்டுட்டேன். நெசந்தானுங்க அது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல அவ ஒரு ஜாக்கெட்டுத் துணி தானா எடுத்ததில்ல. சேலை அவ எடுப்பா. மேட்சிங் கடைக்கு நான் போவேன். சேலையோட முந்தானைய வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாந்து, இருபது துணிய விரிக்கச் சொல்லி, இதுன்னு காட்டுவேன். கடைக்காரனெல்லாம் எழுந்து நிப்பான். பொண்டாட்டிக்கு ஜாக்கெட்டு எடுக்கப் போற ஆம்பளை திருப்பூர்ல எத்தனை பேருன்னு நெனக்கறீங்க? எனக்கு அதுல ஒரு பெருமை. அவ கேரியரக் கழுவி எடுத்துட்டுப் போயிட்டா.

அஞ்சாவது வாட்டியும் நான் தலையாட்டினப்ப பாய் பிரஷ்ஷக் கீழ வெச்சாரு. கையத் தொடச்சாரு. டீ வாங்கியாரச் சொன்னாரு. குடிச்சு முடிச்சுட்டு நிதானமாத்தான் கேட்டாரு.

"மாஸ்டர், தப்பா நெனக்காதீங்க. வெளிச்சத்த மாத்திப் பாத்தீங்க, எடத்த மாத்திப் பாத்தீங்க. பாக்கற ஆள மாத்திப் பாத்தீங்களா?"

என்ன வார்த்தை பாருங்க. முப்பத்திமூணு வருஷம் கலரு பாத்தவனப் பாத்து ஒரு பெயிண்டர் கேக்கற கேள்வியா அது? எனக்கு என்ன பேசினேன்னே தெரியல. தெரியும், தெரியலைன்னு சொல்றது பொய்யி. கலரு தெரியாதவனெல்லாம் காருக்கு எதுக்கு வர்றீங்க, போய் வீட்டுச் செவுத்துக்குச் சுண்ணாம்படிங்கன்னேன். ஷெட்டுல நாலு பேரு இருந்தாங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க.

பாய் ஆறாவது டப்பாவ என் முன்னாடி வெச்சு, எவ்வளவு நீலம் ஊத்தணும்னு நீங்களே சொல்லுங்கன்னாரு. நான் சொல்லச் சொல்ல ஊத்தினாரு. போதும்னேன். அப்பத்தானுங்க சேந்துச்சு. சீட்டு மேல வெச்சா எங்க சீட்டு, எங்க கப்புன்னு தெரியல. மூணு வெளிச்சத்துலயும் பாத்தேன், கச்சிதம். பாத்தீங்களா பாய்னு கேட்டேன். அவரு வீல் கப்பை மாட்டி முடிச்சு, மூடிங்களைப் பேப்பர்ல சுத்தி டிக்கில வெச்சுட்டு, "உங்க கலரு மாஸ்டர். யாராவது கேட்டா என் பேரைச் சொல்ல வேண்டாம்"ன்னாரு. அத்தோட உள்ள போயிட்டாரு. அதுக்கப்பறம் பேச்சு வார்த்தை இல்ல.

ஊர்வலத்துக்குப் போனேன். வசந்தாமணியும் பக்கத்துல உக்காந்து வந்தா. வேட்டி சட்டை, நெத்தில விபூதி, மாப்பிள்ளையாட்டம் வண்டி ஓட்டிட்டுப் போனேனுங்க. மைதானத்துல நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆகல, பக்கத்து வண்டிக்காரரு வந்து நல்லாத்தான் விசாரிச்சாரு. எஞ்சின் ஒரிஜினலான்னாரு, சீட்டு ஒரிஜினலான்னாரு. அப்பறம் வீல் கப்பைப் பாத்துட்டு, "இது மட்டும் ஏனுங்க சொட்டு நீலத்துல முக்கின மாதிரி இருக்குது?"ன்னாரு. அவரு பொண்டாட்டி சிரிப்ப அடக்கிட்டுத் திரும்பிக்கிச்சு. கதவத் தொறந்து, சீட்டப் பாருங்க, அதே கலருன்னு காட்டினேன். அவரு சீட்டப் பாத்தாரு, கப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஆமாங்க ஆமாங்கன்னு சொல்லிட்டு நகந்துட்டாரு. கிறுக்கன்கிட்ட பேசிட்டு நகருவாங்களே, அப்படி. மத்தியானத்துக்குள்ள எங்க வண்டிக்குச் சொட்டு நீலம்னு பேரே வெச்சுட்டாங்க. பரிசு குடுக்கற வரைக்கும் நான் நிக்கல. வர்ற வழி பூரா கோயமுத்தூர்க்காரனுக்குக் கலரு தெரியாதுன்னு திட்டிட்டே வந்தேன். வசந்தாமணி சன்னல் பக்கமாப் பாத்துட்டு வந்தா.

கண்ணு விசயம் எப்படித் தெரிஞ்சுதுன்னா, லைசன்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் கேட்டாங்க. டாக்டர் டார்ச்சடிச்சுப் பாத்துட்டு, ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்குது, மூணு நாலு வருஷமாவே இருந்திருக்கும்னாரு. எனக்கு நல்லாத் தெரியுதுங்கன்னு சண்டை போட்டேன். வசந்தாமணிதான் கையப் புடிச்சு இங்க இழுத்துட்டு வந்தா.

இடது கண்ணுக் கட்டப் பிரிச்சாங்க பாருங்க, நான் போட்ட சத்தத்துல இந்த ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சு. எல்லாம் நீலமா இருக்குது. செவுரு, துணி, சிஸ்டர் புள்ள கோட்டு, எல்லாத்துலயும் நீலம் ஏறிக் கெடக்குது. நீல லென்ச மாத்தி வெச்சுட்டீங்கன்னு கத்தினேன். அந்தப் புள்ள சிரிச்சுட்டு, "தாத்தா, அந்தக் கண்ண மூடிட்டு இந்தக் கண்ணுல பாருங்க. இப்ப இதை மூடிட்டு அதுல பாருங்க"ன்னுச்சு. பாத்தேன். புதுக் கண்ணுல செவுரு பால் மாதிரி இருக்குது. பழைய கண்ணுல டீத்தண்ணி ஊத்தின வேட்டியாட்டம் இருக்குது. ஒரே செவுருங்க. ஒரே வெளிச்சம். வெளிச்சத்த மாத்து, வெளிச்சத்த மாத்துன்னு ஊருக்கெல்லாம் சொன்னேனே, கண்ணுக்குள்ளயே ஒரு மஞ்சத் தாள் ஒட்டிட்டு இருந்திருக்குது. சீட்டுச் சாயம் வேற, பெயிண்டு வேற, அந்தத் தாள் வழியாப் பாத்தா ரெண்டும் பிரியாம என்ன பண்ணும்? அது எனக்குத் தோணவே இல்ல.

வீட்டுக்குப் போனதும் நேரா காருகிட்டப் போனேன். பழைய கண்ணக் கைக்குட்டையால மூடிட்டுப் பாத்தேன். சொட்டு நீலந்தானுங்க. அந்தக் கோயமுத்தூர் மனுசன் கொறச்சுத்தான் சொல்லியிருக்கறாரு. டிக்கியத் தொறந்து, பேப்பரப் பிரிச்சு, ஒண்ணாம் நம்பர் மூடிய எடுத்து சீட்டு மேல வெச்சேன். கோடு தெரியலீங்க. சீட்டு எங்க முடியுது, மூடி எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. மொத நாளே, மொத டப்பாலயே அந்த ஆளு அப்படிக் கலக்கியிருக்கறாரு. அந்தக் கைக்காரரத்தான் சுண்ணாம்படிக்கப் போகச் சொன்னேன். எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு யாரத் திட்டறதுன்னே தெரியல.

அதோட விட்டிருக்கலாம். பீரோவத் தொறந்திருக்கக் கூடாது. தொறந்துட்டேன். மூணு நாலு வருஷத்துல நான் எடுத்துக் குடுத்த ஜாக்கெட்டு பதினோரு ஜோடி இருந்துச்சு. ஒவ்வொண்ணா சேலையோட வெச்சுக் கட்டில்ல பரப்பினேன். கத்திரிப்பூச் சேலைக்குக் காப்பித்தூள் கலருல ஜாக்கெட்டு. மயில் கழுத்துச் சேலைக்குப் பள்ளிக்கூடத்து யூனிபார்ம் நீலம். பதினொண்ணுல ஒண்ணு கூடச் சேரலீங்க. அவ அண்ணன் மக கல்யாணத்துல இந்தக் கத்திரிப்பூச் சேலையக் கட்டிட்டு முன் வரிசைல நின்னு போட்டோ எடுத்திருக்கறா. எத்தனை பொம்பளைங்க பாத்திருப்பாங்க. பொம்பளைங்க கண்ணுக்கு அது தப்புமுங்களா? என்னென்ன பேசியிருப்பாங்க. ஷேடு மாஸ்டர் பொண்டாட்டின்னு வேற பேரு.

வசந்தாமணி வந்து வாசப்படில நின்னா. உனக்குத் தெரியுமான்னேன். தெரியும்னா. எப்ப இருந்துன்னேன். மூணு தீபாவளியான்னா. அப்பறம் ஏன்டி சொல்லலைன்னு கத்தினேன்.

"எப்படிச் சொல்றது? கண்ணுதான் நானுன்னு இருந்தீங்க. அது போச்சுன்னா அப்பறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்கு இன்னும் ஆத்தாமைதான். கூட இருக்கறவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? ஒருத்தரும் சொல்லலீங்க. என்ன, சிரிக்கறீங்களா? சிரிக்கற சத்தம் கேக்குது. சரி, பாய் சொன்னாரு. ஷெட்டுல வெச்சு இவளும் சொன்னா. மேட்சிங் கடைக்காரன் கூட ஒருக்கா, "சார், கொஞ்சம் டார்க்கா இருக்குதுங்க"ன்னான். மெஷினும் சொல்லுச்சு. ஆனா என் காதுல விழற மாதிரி ஒருத்தரும் சொல்லலீங்க.

பாய்கிட்ட இன்னும் போகல. ஒரு மாசமா இன்னிக்கு நாளைக்குன்னு ஓடுது. வீல் கப்பு நாலையும் கழட்டிப் பையில போட்டுட்டேன். வண்டி மொட்டைச் சக்கரத்தோட நிக்குது, இந்தக் கண்ண வெச்சு ஓட்டவும் முடியாது, அதான் இன்னிக்குப் பஸ்ஸுல வந்தோம். ஒண்ணாம் நம்பர் மூடி இந்தா, சட்டைப் பையிலயே வெச்சிருக்கறேன், தட்டினா சத்தம் கேக்குதுங்களா? வலது கண்ணுக் கட்டுப் பிரிச்சதும் நேரா தாராபுரம் ரோடுதான். மன்னிப்புக் கின்னிப்புன்னெல்லாம் எனக்குப் பேச வராதுங்க. மூடிய நீட்டுவேன். அவரு வாங்கிட்டா வாங்கிக்கட்டும். சுண்ணாம்படிக்கப் போயிட்டேன் மாஸ்டர்னு சொன்னாருன்னா, நின்னு கேட்டுட்டு வர்றேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், டாக்டர்கிட்டச் சொல்லிராதீங்க. இந்த வலது கண்ண இப்படியே விட்டுறலாமான்னு ராத்திரியெல்லாம் ஒரு ரோசனை. பைத்தியக்காரத்தனந்தான். ஆனா இந்தக் கண்ணுல பாத்தா எல்லாம் சேருதுங்க. ஆறாவது டப்பாவும் சேருது, பதினோரு ஜாக்கெட்டும் சேருது. இதுல பாத்தா நான் இன்னும் ஷேடு மாஸ்டர். இதையும் எடுத்துட்டா நான் எடுத்துக் குடுத்தது பூராம் தப்புன்னு ஆயிரும்.

காலைல இதை வசந்தாமணிகிட்டச் சொல்லித் தொலைச்சேன். அவ பீரோவுக்குப் போனா. நான் தூக்கிப் போடுன்னு மூட்டை கட்டி வெச்சிருந்ததப் பிரிச்சா. அந்தக் கத்திரிப்பூச் சேலையையும், அதுக்கு நான் எடுத்த காப்பித்தூள் ஜாக்கெட்டையும் போட்டுட்டு வந்து நின்னா. என்னடி இது, ஆஸ்பத்திரிக்கு, நாலு பேரு பாப்பாங்களேன்னேன். "அந்தக் கண்ணுக்கு இன்னிக்குக் கடைசி நாளு. பாத்துட்டுப் போகட்டும்"ன்னா. பஸ்ஸுல அப்படியேதான் வந்தா. முந்தானைய இழுத்துக் கூட மூடல.

வசந்தாமணி ஆஸ்பத்திரிச் சீட்டுக் குடுக்கற எடத்துக்குப் போயிருந்தா. செருப்புச் சத்தம் கேக்குது, அவதான். உங்களுக்கு ஒரு கண்ணுல மருந்து இல்லையில்ல, மெதுவாத் தொறந்து பாருங்க. சேலையும் ஜாக்கெட்டும் எப்படி இருக்குது? வேண்டாம், சொல்லாதீங்க. சிஸ்டர் திட்டினாத் திட்டட்டும், நான் இந்த வலது கண்ணைத் தொறந்து ஒருக்காப் பாத்துக்கறேன்.

சேருதுங்க. நல்லாச் சேருது.

நாச்சிமுத்துன்னு கூப்பிடறாங்க. வரட்டுங்களா?